சிறையிலிருக்கும் பிள்ளைக்குப் பணம்

நமது தேசத்தில் தபாலாபீஸ் மூலமாக மணியார்டர் அனுப்பும் ஏற்பாடு 1880-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அன்று முதல் குடும்பங்களின் அன்பும் கவலையும் அந்தச் சிறு பாரத்தின் மேல் ஏறி ஊர் ஊராகப் பிரயாணம் செய்து வந்திருக்கின்றன. காலேஜில் படிக்கும் பையனுக்கு மாதச் செலவு, கிராமத்திலிருக்கும் தாயாருக்கு மருந்துச் செலவு, புக்ககம் போன பெண்ணுக்குத் தீபாவளிச் சீர் என்று எத்தனையோ விதம். இப்போது அந்த வேலையில் பெரும் பகுதியைச் செல்போன் எடுத்துக் கொண்டு விட்டது. விரலால் தொட்டால் போதும், பணம் போய் விடுகிறது. ஆனால் எந்த வழியில் அனுப்பினாலும், குடும்பத்தார் எழுதுவதற்கு மனம் நடுங்கும் விலாசம் ஒன்று இருக்கிறது. "மத்திய சிறைச்சாலை" என்னும் விலாசந்தான் அது.

"இந்த விஷயம் நமக்கு எதற்கு? நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்களா?" என்று நேயர்கள் சிலர் கேட்கக் கூடும். சிறை சென்ற பிள்ளையைப் பற்றிக் குடும்பமே பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1930-ம் வருஷத்தில் வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறை புகுந்தவர்களின் வீட்டார் தலை நிமிர்ந்துதான் நடந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிறை வாசலை மிதிக்கும் காரணங்கள் வேறு. மோட்டார் சைக்கிளில் ஒருவர் மேல் மோதி விடுவது, கல்லூரி வாசலில் நடந்த கைகலப்பில் அகப்படுவது, சகவாச தோஷத்தினால் போதைப் பொருள் வழக்கில் சேர்வது, சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தன் பாங்கிக் கணக்கை மோசக்காரர்களுக்கு இரவல் கொடுத்து விட்டு விழிப்பது ஆகியவையெல்லாம் கௌரவமான குடும்பங்களிலும் நேருகின்றன. 2022-ம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர் என்று சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். இத்தனை பேருக்கும் எங்கேயோ ஒரு தாயாரும் தகப்பனாரும் இருப்பார்கள் அல்லவா?

அப்படிப்பட்ட சமயத்தில் பெற்றோருக்கு முதலில் தோன்றும் எண்ணம், "எவ்வளவு செலவானாலும் சரி" என்பதுதான். இது இயற்கை. ஆனால் அந்த எண்ணம் தோன்றும் நிமிஷத்துக்காகவே காத்திருக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் போக வேண்டிய பணம் பிள்ளைக்கே போய்ச் சேருவதற்கும், நடுவழியில் கொள்ளை போகாமலிருப்பதற்கும் குடும்பத்தார் தெரிந்து கொள்ள வேண்டியவற்றை இந்த வாரம் சொல்லலாமென்று உத்தேசம்.

டெலிபோனில் வரும் அழுகை

ஒரு தாயாரை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். மத்தியானம் இரண்டு மணி. வீட்டில் வேறு யாருமில்லை. டெலிபோன் மணி அடிக்கிறது. "அம்மா, நான் இன்ன ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் பேசுகிறேன். உங்கள் பையனையும் அவன் சிநேகிதர்களையும் கைது செய்திருக்கிறோம். மற்ற மூன்று பேர் பெற்றோரும் பணம் கட்டி விட்டார்கள். பேப்பரில் பெயர் வருவதற்குள் நீங்களும் கட்டி விட்டால் விட்டு விடலாம். இந்தத் தொகை நாளைக்கே திரும்பி வந்து விடும்" என்கிறது ஒரு கம்பீரமான குரல். பின்னால் ஒரு பையன் விசும்பி அழும் சப்தம் கேட்கிறது. "அம்மா, காப்பாற்றுங்கள்!" என்று ஒரு வார்த்தை. தாயார் உள்ளம் எப்படித் தாங்கும்?

அந்தக் குரல் பிள்ளையின் குரலாகவே இருந்தாலும் நம்பி விடக் கூடாது. ஒருவர் பேசியதில் சில விநாடிகள் கிடைத்தால் போதும், அதே குரலில் வேறு வார்த்தைகளைப் பேச வைக்கும் கம்ப்யூட்டர் சாதனங்கள் இன்று இருக்கின்றன. இந்த மோசடி நம் தேசத்துக்கு மாத்திரம் உரியதுமன்று. ஜப்பான் தேசத்தில் "நான்தான், நான்தான்" என்று பொருள்படும் "ஓரே, ஓரே" என்ற வார்த்தைகளுடன் பேச்சைத் துவக்கி, கிழவர் கிழவிகளிடம் பேரன் பெயரைச் சொல்லிப் பணம் பறித்த கூட்டங்கள் இருபது வருஷங்களுக்கு முன்பே பிரசித்தி பெற்று விட்டன. நமது நாட்டில் போலீஸ் உடுப்பு அணிந்து வீடியோவில் தோன்றி, "உங்களை டிஜிடல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று பயமுறுத்தும் வழக்கம் பெருகியது. 2024-ம் வருஷம் அக்டோபர் மாதம் பிரதம மந்திரியே தமது மாதாந்தர ரேடியோப் பேச்சில் இதைப் பற்றி ஜனங்களை எச்சரிக்கும்படி ஆயிற்று. அப்படி ஒரு கைது நமது சட்டத்தில் கிடையவே கிடையாது.

இவ்விஷயத்தில் மனத்தில் பதிய வைக்க வேண்டியது ஒன்றுதான். டெலிபோனில் கேட்டபடி பணம் அனுப்பி ஒருவனை விடுதலை செய்விக்கும் வழி இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஜாமீன் ஸ்டேஷனில் கிடைப்பதானாலும் கோர்ட்டில் கிடைப்பதானாலும் அதற்குக் காகிதம் உண்டு, கையெழுத்து உண்டு. யாரோ ஒருவரின் செல்போன் எண்ணுக்குப் பணம் அனுப்புவதால் கிடைக்கும் ஜாமீன் ஒன்றும் கிடையாது.

ஆகையால் செய்ய வேண்டியது இது. பேசுகிறவர் என்ன பயமுறுத்தினாலும் டெலிபோனைக் கீழே வைத்து விடுங்கள். "வைக்காதீர்கள், வைத்தால் பையனுக்கு ஆபத்து" என்று அவர் சொன்னால், மோசடி என்பது பாதிக்கு மேல் நிச்சயமாகி விட்டது. உடனே பிள்ளையின் எண்ணுக்கு நீங்களே பேசிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அவனுடைய சிநேகிதன், ஹாஸ்டல் அதிகாரி, வேலை செய்யுமிடம் ஆகியவற்றில் விசாரியுங்கள். பெரும்பாலும் அந்தப் பிள்ளையாண்டான் வகுப்பிலோ சினிமாவிலோ செல்போனை மௌனமாக்கி வைத்து விட்டுச் சுகமாக இருப்பான்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால், அந்த ஸ்டேஷனின் எண்ணை வேறு வழியில் கண்டுபிடித்துப் பேசுங்கள். வந்த அழைப்பில் கொடுத்த எண்ணை நம்பக் கூடாது. முடிந்தால் நேரிலேயே போய் விடுவது உத்தமம். 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டம், கைதானவர்களின் பெயர், விலாசம், குற்றச்சாட்டு ஆகியவற்றை வைத்திருக்க ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் அதிகாரி இருக்க வேண்டுமென்றும், அந்த விவரங்களை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டுமென்றும் சொல்லுகிறது. ஒருவரைக் கைது செய்தால் அவருடைய உறவினருக்கோ சிநேகிதருக்கோ தகவல் கொடுக்க வேண்டியது போலீஸாரின் கடமை. டி. கே. பாஸு வழக்கில் 1996-ம் வருஷத்திலேயே சுப்ரீம் கோர்ட்டு இதை வற்புறுத்தியிருக்கிறது. பிரயாண நேரம் நீங்கலாக இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டு போய் நிறுத்த வேண்டுமென்பது அரசியல் சாஸனத்தின் 22-வது பிரிவிலேயே கண்டிருக்கிறது. ஆகவே, நிஜமான கைது ஒளிந்து கொண்டிருக்க முடியாது. விசாரித்தால் தெரிந்தே தீரும்.

ஒருவேளை பணத்தை அனுப்பியாகி விட்டதென்றால், வெட்கப்பட்டுக் கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 1930 என்னும் எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுங்கள். அந்தப் பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்து நிறுத்த முயற்சி செய்வார்கள். இதில் ஒவ்வொரு நிமிஷமும் விலை மதிக்க முடியாதது.

பதினெட்டு வயது நிரம்பாவிட்டால்

விசாரித்ததில், கைது நிஜமென்றே தெரிகிறது என்று வைத்துக் கொள்வோம். உடனே கவனிக்க வேண்டியது பிள்ளையின் வயது.

பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்று 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் திட்டமாகச் சொல்லுகிறது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் ஆஜர் செய்ய வேண்டும். ஜாமீனில் விடுவதுதான் பொது விதி. ஜாமீன்தார் இருந்தாலும் விடலாம், இல்லாமலும் விடலாம். கெட்டவர்களோடு சேர்ந்து விடுவான், அவனுக்கே ஆபத்து நேரும், விட்டால் நீதி கெடும் என்று குழுமம் கருதினால்தான் மறுக்கலாம். அப்போதும் அவன் போகுமிடம் கூர்நோக்கு இல்லம். பதினாறு வயதுக்கு மேற்பட்டவன் மிகக் கொடிய குற்றம் செய்ததாக வழக்கு நடந்தாலுங்கூட இருபத்தொரு வயது வரை அவனை வைப்பதற்குச் சிறையல்லாத தனி இடம் சட்டத்தில் விதிக்கப்பட்டிருக்கிறது.

"உங்கள் பதினாறு வயதுப் பையன் லாக்கப்பில் இருக்கிறான், பணம் அனுப்புங்கள்" என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? ஒன்று, அவர் பொய் சொல்லுகிறார். அல்லது யாரோ சட்டத்தை மீறியிருக்கிறார்கள். இரண்டில் எதற்கும் பணம் பரிகாரமாகாது. முதலாவதற்கு 1930. இரண்டாவதற்கு வக்கீலும், குழந்தைகளுக்கான 1098 என்னும் எண்ணும்.

இந்த இல்லங்களில் உணவு, உடை, படுக்கை, வைத்தியம் எல்லாம் இல்லத்தின் பொறுப்பு. பிள்ளை கையில் பணம் புழங்குவதற்கு இடமில்லை. அவனிடம் காணப்படும் பணமும் பொருளும் புஸ்தகத்தில் பதிவு செய்யப்பட்டு இல்லத் தலைவரின் பாதுகாப்பில் இருக்கும். ஆகவே, "உள்ளே இருக்கும் பையனுக்குச் செலவுக்குக் கொடுக்கிறேன்" என்று எவராவது முன் வந்தால், அவரை நம்பி ஒரு காசும் கொடுக்க வேண்டாம். துணிமணியோ புஸ்தகமோ கொடுக்க வேண்டுமானால் இல்லத் தலைவரைக் கேட்டு அவர் அனுமதித்ததை, அவர் முன்னிலையில் கொடுங்கள்.

இந்தச் சமயத்தில் வீட்டிலிருந்து எடுத்துக் கொண்டு ஓட வேண்டிய பொருள் ஒன்று உண்டு. பீரோவில் பணத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் பள்ளிக்கூடச் சான்றிதழே அது. வயதைப் பற்றித் தகராறு வந்தால், பள்ளிக்கூடம் கொடுத்த பிறந்த தேதிச் சான்றையோ மெட்ரிகுலேஷன் சான்றிதழையோ முதலில் பார்க்க வேண்டுமென்றும், அவை இல்லாவிட்டால் முனிசிபாலிடி அல்லது பஞ்சாயத்தின் பிறப்புச் சான்றைப் பார்க்க வேண்டுமென்றும், எதுவும் இல்லாத போதுதான் வைத்தியப் பரிசோதனை என்றும் சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது. ஆயிரக் கணக்கான ரூபாய் செய்யாத உதவியை அந்த ஒரு காகிதம் செய்யும். பதினேழு வயதுப் பிள்ளையைப் பத்தொன்பது என்று எழுதி விட்டால் அவன் போகும் வாசலே வேறாகி விடும்.

இன்னொன்று. பிள்ளையின் படத்தையும் பெயரையும் போட்டு, "உதவுங்கள்" என்று செல்போனில் ஊரெல்லாம் பரப்பி நிதி திரட்ட வேண்டாம். சிறுவனை இன்னானென்று வெளிப்படுத்துவது அதே சட்டத்தில் தடுக்கப்பட்டிருக்கிறது. பத்து வருஷத்துக்குப் பிறகு அவன் வேலை தேடும் போதும் அந்தப் படம் எங்கேயோ இருந்து கொண்டிருக்கும்.

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவனானால்

பதினெட்டு நிரம்பி விட்டால் விசாரணைக் காலத்தில் சிறைதான். தமிழ்நாட்டில் இருபத்தொரு வயதுக்குட்பட்ட இளைஞர்களுக்கென்று பார்ஸ்டல் பள்ளி என்னும் ஸ்தாபனங்கள் உண்டு. இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவிலுள்ள பார்ஸ்டல் என்னும் கிராமத்தின் பெயரைத் தாங்கிய இந்த ஏற்பாட்டுக்குச் சென்னை மாகாணத்தில் 1925-ம் வருஷத்திலேயே சட்டம் செய்யப்பட்டது. முதிர்ந்த குற்றவாளிகளுடன் இளைஞர்கள் சேராமலிருக்க வேண்டுமென்பதுதான் கருத்து.

சிறைக்குள் கைதியின் கையில் ரூபாய் நோட்டு இருக்கக் கூடாது. அவனுக்காக வரும் பணம் அவன் பெயரில் ஒரு கணக்கில் வரவு வைக்கப்படும். "கைதியின் சொந்தப் பணம்" என்று அதற்குப் பெயர். சிறை ஆபீஸில் இதை இங்கிலீஷ் எழுத்துக்களால் சுருக்கி "பி.பி.ஸி." என்பார்கள். லண்டன் ரேடியோவை நினைத்துக் கொண்டு விட வேண்டாம்! அந்தக் கணக்கிலிருந்து சிறைக் காண்டீனில் சோப்பு, பல்பொடி, பிஸ்கோத்து போன்றவற்றை அவன் வாங்கிக் கொள்ளலாம். வாங்கியது கணக்கில் பற்று எழுதப்படும். தண்டனை பெற்ற கைதிக்காவது வேலைக்குக் கூலி உண்டு. விசாரணைக் கைதியை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்துவதில்லையாதலால், கூலி வருமானமும் அநேகமாக இருக்காது. வீட்டிலிருந்து வரும் சிறு தொகைதான் அவனுக்கு ஆதாரம்.

பணத்தைச் செலுத்தும் விதம் மாகாணத்துக்கு மாகாணம், சிறைக்குச் சிறை மாறும். ஓரிடத்தில் மணியார்டர் ஏற்பார்கள். ஓரிடத்தில் சிறை வாசலிலுள்ள ஜன்னலில் கட்டச் சொல்வார்கள். ஓரிடத்தில் பாங்கி மூலம் வாங்குவார்கள். ஆகையால் முதல் தடவை பணம் அனுப்புவதற்கு முன் நேரில் போக வேண்டும். தமிழ்நாட்டில் கைதியைப் போய்ப் பார்ப்பதற்கு "மனு" என்று பெயர். மனுப் போட்டுப் பிள்ளையைப் பார்க்கும் அன்றே ஆபீஸிலும் விசாரித்து விடலாம். நாலு கேள்விகள் போதும். எந்த வழியாகச் செலுத்துவது? மாதத்துக்கு எவ்வளவு வரையில் செலுத்தலாம்? பிள்ளையின் சிறை எண் என்ன? ரசீது யார் கொடுப்பார்கள்?

பாங்கி மூலம் செலுத்துவதாயிருந்தால், கணக்கு சிறையின் பெயரிலோ சர்க்கார் பெயரிலோ இருக்க வேண்டும். வார்டர் ஒருவரின் பெயரிலோ, "எனக்கு அனுப்புங்கள், நான் கட்டி விடுகிறேன்" என்னும் புரோக்கர் பெயரிலோ இருக்கக் கூடாது. செல்போனில் பணம் அனுப்பும் போது பெறுகிறவர் பெயர் திரையில் தெரியுமல்லவா? அதை வாய் விட்டுப் படித்து விட்டுப் பிறகு ரகசிய எண்ணைத் தட்டுங்கள். இன்டர்நெட்டில் தேடிக் கிடைத்த எண்ணுக்கும், "கைதிகளுக்குப் பணம் அனுப்பித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கும் அனுப்ப வேண்டாம். பிள்ளையின் முழுப் பெயர், தகப்பனார் பெயர், சிறை எண் மூன்றையும் பிழையின்றி எழுத வேண்டும். ஒரே பெயருள்ளவர்கள் ஒரு சிறையில் பலர் இருப்பார்கள். அடுத்த மனுவின் போது, "பணம் வந்து விட்டதா? கணக்கில் எவ்வளவு இருக்கிறது?" என்று பிள்ளையையே கேட்டு, வீட்டு நோட்டில் ரசீதுக்கு எதிரே குறித்து வையுங்கள்.

எவ்வளவு அனுப்புவது?

2021-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், பிரசித்தி பெற்ற ஹிந்தி சினிமா நடிகர் ஒருவரின் இருபத்து மூன்று வயதுப் புதல்வர் மும்பை ஆர்தர் ரோடு சிறையில் சில வாரம் இருக்க நேர்ந்தது. தகப்பனாரோ கோடிக்கணக்கில் சம்பாதிப்பவர். ஆனால் அந்தக் குடும்பத்தார் அனுப்பிய மணியார்டர் 4,500 ரூபாய்தான். அதற்கு மேல் அங்கே அப்போது அனுமதியில்லை! பக்கத்தில் படுத்திருந்த ஏழைக்கும் அதே உச்ச வரம்புதான். அந்த வாலிபர் ஜாமீனில் வெளி வந்து, அடுத்த வருஷம் மே மாதத்தில் அவர் மீது குற்றச்சாட்டில்லை என்று விசாரணை இலாகாவினரே சொல்லி விட்டார்கள்.

இந்த வரம்பைக் கண்டு பெற்றோர் வருத்தப்பட வேண்டியதில்லை. சிறைக்குள் பணக்காரப் பையன் என்று பெயரெடுப்பது பெரிய ஆபத்து. கடன் கேட்பார்கள், காண்டீன் சாமான்களைப் பிடுங்குவார்கள், சூதாட அழைப்பார்கள். அளவாக, மாதந்தோறும் அதே தேதியில் அனுப்புகிற குடும்பத்தின் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் நாளைக் கழித்து விடுவான். அனுமதித்த தொகை முழுவதையும் அனுப்பித்தான் தீர வேண்டுமென்று கட்டாயமுமில்லை. வீட்டில் தங்கையின் பள்ளிக்கூடச் சம்பளத்தை நிறுத்தி விட்டு அண்ணனின் காண்டீன் கணக்கை நிரப்புவது நியாயமாகாது. சோறும் துணியும் சிறையிலேயே கிடைக்கின்றன.

சில பெற்றோர், இட்லிப் பொட்டலத்துக்குள்ளோ சட்டை மடிப்பிலோ நோட்டை மறைத்து வைத்துக் கொடுத்து விடலாமென்று எண்ணுவார்கள். தயவு செய்து அந்தக் காரியத்தை மட்டும் செய்ய வேண்டாம். தடுக்கப்பட்ட பொருளைச் சிறைக்குள் கொண்டு போவது 1894-ம் வருஷத்துச் சிறைச்சாலைச் சட்டத்திலிருந்தே குற்றமாகும். அகப்பட்டால் பிள்ளைக்குத் தண்டனை, பெற்றவருக்கும் வழக்கு.

இன்னொரு தொந்தரவும் உண்டு. "உங்கள் பையனோடு இருப்பவனின் அண்ணன் பேசுகிறேன். மாதம் இவ்வளவு என் கணக்கில் போட்டால் அவனை ஒருவரும் தொட மாட்டார்கள்" என்று வெளியிலிருந்து செய்தி வரும். பயத்தினால் ஒரு முறை கொடுத்தால் அடுத்த மாதம் தொகை இரட்டிக்கும். ஆனால் சும்மா இருந்து விடவும் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து நேரலாம். அழைத்த எண், தேதி, கேட்ட தொகை ஆகியவற்றை எழுதிச் சிறை சூபரிண்டெண்டெண்டுக்கு மனுக் கொடுத்து அதற்கு அத்தாட்சி பெற்றுக் கொள்ளுங்கள். நகல் ஒன்றை வக்கீல் மூலம் வழக்கு நடக்கும் கோர்ட்டிலும், மற்றொன்றை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கொடுங்கள். பிள்ளையை வேறு பகுதிக்கு மாற்றும்படி கேளுங்கள்.

ஜாமீனுக்கு எவ்வளவு?

பணம் மிகுதியாக வீணாகிற இடம் ஜாமீன் விஷயந்தான். "இருபதினாயிரம் ரூபாய் ஜாமீன்" என்று காதில் விழுந்தவுடன், பெரும்பாலோர் அந்தத் தொகையைக் கையில் எடுத்துக் கொண்டு கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள். அதைக் கண்டு புரோக்கர்கள் ஓடி வருகிறார்கள். சாதாரணமாக அந்தத் தொகை அப்போதே கட்ட வேண்டிய தொகையல்ல. பையன் குறித்த தேதிகளில் ஆஜராகாமற் போனால் இவ்வளவுக்கு நான் பொறுப்பு என்று ஜாமீன்தார் எழுதிக் கொடுக்கும் பத்திரத்தின் தொகை அது. ரொக்கமாகக் கட்டும்படி கோர்ட்டு உத்தரவு செய்தால், கோர்ட்டிலேயே கட்டி ரசீது வாங்க வேண்டும்.

"ரசீது கிடையாது, ஆனால் காரியம் முடியும்" என்று ஓர் உத்தியோகஸ்தர் சொன்னால் அதற்குப் பெயர் லஞ்சம். 2018-ம் வருஷத்தில் திருத்தப்பட்ட லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளிதான். நிர்ப்பந்தத்தினால் கொடுத்தவர், ஏழு நாளைக்குள் உரிய அதிகாரிகளிடம் தெரிவித்து விட்டால் அவருக்குத் தண்டனையில்லை. இந்த ஏழு நாள் கெடுவைப் பலர் அறியார்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று கடன் வாங்கவும் அவசியமில்லை. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, காவலில் இருக்கும் எவருக்கும் இலவசமாக வக்கீல் கிடைக்கும். குழந்தைகளுக்கும் ஸ்திரீகளுக்கும் அவ்விதமே. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியில்லை. 15100 என்னும் எண்ணில் கேட்கலாம். ஜில்லாக் கோர்ட்டுக் கட்டடத்திலேயே ஆணைக்குழுவின் காரியாலயம் இருக்கும். ஜாமீன் கிடைத்தும், நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாளைக்குள் வெளி வராதவர்களைப் பற்றிச் சிறை அதிகாரி மேற்படி ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2023-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு செய்தது. அதே வருஷத்தில் மத்திய சர்க்கார், ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழை விசாரணைக் கைதிகளுக்கு 40,000 ரூபாய் வரையில் உதவும் திட்டமொன்றைத் துவக்கினார்கள். கேட்பார் இல்லாமையினாலேயே பல குடும்பங்களுக்கு இத்தகைய உதவிகள் எட்டாமற் போகின்றன.

மேலே சொன்னவற்றையெல்லாம் ஒன்று சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் நன்றாக விளங்கும். ரசீது கொடுக்கும் கையில் மட்டுமே பணத்தைக் கொடுக்க வேண்டும். சிறை ஆபீஸ் ரசீது கொடுக்கும், தபாலாபீஸ் கொடுக்கும், கோர்ட்டு கொடுக்கும், யோக்கியமான வக்கீல் கொடுப்பார். "அவசரம், அவசரம்" என்று சொல்லி ரசீது கொடுக்க மறுப்பவர் எவராயிருந்தாலும், நம் பிள்ளையின் துன்பத்தை விற்றுச் சம்பாதிப்பவர் என்று தீர்மானித்துக் கொள்ளலாம்.

இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக் காலண்டரின் பின்புறத்தில் 1930, 15100, 1098 என்னும் மூன்று எண்களையும், இன்னது இன்னதற்கு என்பதையும் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களை ஒரே உறையில் போட்டு, அது இருக்குமிடத்தை வீட்டிலுள்ள எல்லாருக்கும் காட்டுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியையும் அதற்குப் பதிலையும் ஏற்பாடு செய்து கொள்ளுங்கள். டெலிபோனில் பிள்ளையின் குரல் அழுதால் அந்தக் கேள்வியைக் கேட்டால் போதும்.

இவ்வளவும் தேவைப்படாமலே போகட்டும் என்பதுதான் நமது பிரார்த்தனை. ஒரு வேளை தேவைப்பட்டால், சிறையிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்பும் தொகை சிறியதாயிருந்தாலும், மனு பார்க்கும் நாள் ஒன்றைக்கூடத் தவற விட வேண்டாம். காண்டீன் பிஸ்கோத்து அன்றைக்கே தீர்ந்து விடும். அப்பா வந்தார், அம்மா வந்தாள், தன்னைக் கை விடவில்லை என்னும் நம்பிக்கைதான் அவனை நல்ல பிள்ளையாக வெளியே கொண்டு வரும்.